அத்தை விரித்த கல்யாணப் பாய்

என் அத்தை தன் ஆயுசில் இரண்டு பேருக்குத்தான் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒன்று தாமிரபரணி. இன்னொருவர் யாரென்று கடைசியில் சொல்கிறேன். அவசரக்காரர்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அப்பாவுடைய ஒரே தங்கை அவள். பதினேழு வயதில் கல்யாணமாகிப் போனவள், பதினோராவது மாசம் வெள்ளைச் சேலையோடு திருநெல்வேலி டவுணிலிருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்போது நான் பிறக்கவே இல்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது அவளுக்கு முப்பது இருக்கும். எங்களுடையது தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் நீண்டு கிடக்கும் வீடு. முன்கட்டில் அப்பா, நடுவில் அம்மாவும் நானும் தம்பிகளும், அடுக்களைக்கும் பின்னால் அத்தை. வீட்டிலிருந்து யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். எங்களுக்கெல்லாம் அத்தை என்றால் உசிர் என்று சொல்லிக்கொள்வோம். உசிரைப் பின்கட்டில் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

அதனால் அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தெருவிலேயே பெரிய வாய் அவளுடையது. உடம்பை மட்டும் சொன்ன இடத்தில் வைத்திருந்தாள். கன்னத்தில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பாள். ஒரு நாள் அம்மா, "இதெல்லாம் ஒனக்கு ஆகுமாளா?" என்று கேட்டதற்கு அத்தை சொன்ன பதில் இது:

"வெத்தலை கூடாதுன்னுதான் மதினி சாஸ்திரம் சொல்லுது. பொகையிலையைப் பத்தி அது வாயே தொறக்கலையே."

சாஸ்திரத்தை அவள் படித்ததில்லை. படித்தவர்களும் அவளிடம் வாதாட வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக் கச்சேரி கிடையாது. அப்பா வக்கீல் குமாஸ்தா என்பதால் எங்களுக்கு அந்த ஒரு நாள் விடுதலை. மாசத்துக்கு ஒரு தடவையாவது வில்வண்டி பூட்டிக்கொண்டு ஆற்றங்கரைத் தோப்புக்குப் போவோம். மருதமும் நாவலும் புன்னையுமாக அடர்ந்து கிடக்கும் பொதுத் தோப்பு. பிள்ளையில்லாத யாரோ ஒரு புண்ணியவான் ஊருக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போனது. டவுணிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். குளிப்பது, கட்டுச்சோறு தின்பது, ஒரு தூக்கம் போடுவது, பக்கத்துக் குடும்பத்தின் நகையைப் பற்றிப் பேசுவது, இவைதான் அங்கே வேலை. தோப்பு வாசலில் ஒரு கல் நட்டிருந்தது. அதில் இரண்டே வரி. மரத்தை வெட்டலாகாது. அமர்ந்தவரை எழுப்பலாகாது.

அந்த இரண்டாவது வரியில்தான் அத்தை உயிர் வாழ்ந்தாள் என்று நினைக்கிறேன்.

ஆற்றுப் படித்துறைக்கு மேலே ஒரு பெரிய மருதமரம். நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரம். வேர்கள் சாய்வதற்கு வாகாய்ப் புடைத்திருக்கும். தோப்பிலேயே நல்ல நிழலும் நல்ல காற்றும் அங்கேதான். வண்டி நிற்பதற்கு முன்னால் அத்தை குதித்து, அக்குளில் பாயை இடுக்கிக்கொண்டு, மற்றக் குடும்பங்களை முந்திப் போய் அங்கே விரித்துவிடுவாள். விரித்து உட்கார்ந்தாளோ, பொழுது சாய்கிற வரைக்கும் அசைய மாட்டாள். குளிக்கக்கூட மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே போய்வந்துவிடுவாள்.

"வீட்டுக்குத்தாம்ட்டி முன்பக்கம் பின்பக்கம்லாம். மரத்துக்கு ஏது? நெழலு எங்கன விழுதோ அதான் முன்பக்கம்" என்பாள் என்னிடம்.

அந்தப் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தமடையில் நெய்த கல்யாணப் பாய். பட்டு மாதிரி இருக்கும், சுருட்டினால் ஒரு முழங்கை கனம்தான். மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் சிவப்புக் கோரையில் நெய்து தருவது அந்த ஊர் வழக்கம். அத்தையின் கல்யாணத்துக்குச் சொல்லிச் செய்தவர் அப்பா. பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். நெய்தவர்கள் அந்தக் கையெழுத்தை அப்படியே பார்த்து நெய்துவிட்டார்கள். கச்சேரிக் கடுதாசிகளில் அப்பா போடுகிற அதே சுழிப்பு, அதே கோணல். மாப்பிள்ளைக்கு இருமல் இருந்தது அப்போதே அப்பாவுக்குத் தெரியும் என்று அம்மா ஒரு தடவை வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள். நிலபுலன் இருமவில்லை என்பதால் முடித்துவிட்டார் போலிருக்கிறது.

வீட்டில் அந்தப் பாய் பரணில் கிடக்கும். அமங்கலி கல்யாணப் பாயை விரிப்பதாவது! தோப்புக்கு மட்டும் அதைக் கீழே இறக்குவாள். சொல்லிவைத்த மாதிரி எப்போதும் புருஷன் பெயர் மேல்தான் உட்காருவாள். அவள் பெயர் இருந்த பக்கம் காலியாகக் கிடக்கும், இல்லையென்றால் சோற்றுப் பாத்திரம் இருக்கும். அம்மாவுக்கு அது பொறுக்காது.

"செத்த மனுசர் பேரு மேலயாளா உக்காருவே?"

"பதினோரு மாசம் அவரு என் தலை மேல உக்காந்திருந்தாரு மதினி. இப்ப நான் அவரு பேரு மேல உக்காந்திருக்கேன். கணக்கு நேராயிட்டுது."

ஒரு தடவை பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அவருடைய டவாலிச் சேவகன் வந்து, "அம்மா, ஐயா வந்திருக்காக. பைய எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க" என்றான். அப்பா பாதி எழுந்துவிட்டார். அத்தை மட்டும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ஐயாவுக்குக் கச்சேரியில நாற்காலி இருக்கு. வீட்டுல சாய்வு நாற்காலி இருக்கும். எனக்கு இருக்கது இந்த வேரு ஒண்ணுதான். கல்லுல எழுதியிருக்கதை வாசிச்சுக் காட்டும், ஐயா படிச்சவுகதான?"

உத்தியோகஸ்தர் நாவல்மரத்தடிக்குப் போனார். போன கொஞ்ச நேரத்தில் அவருடைய வெள்ளை அங்கவஸ்திரத்தில் நாவற்பழம் விழுந்து ஊதா ஊதாவாகத் தெறித்தது. அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை இரண்டு நாழிகைக்கு ஒரு தடவை நினைத்துச் சிரித்தாள்.

நியாயம் பேசுவதில் அவள் ஓரவஞ்சனை செய்யமாட்டாள். பாயின் காலிப் பக்கத்தில் ஒரு நாள் கிழட்டுக் குரங்கு ஒன்று வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது. நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். "விரட்டுளா!" என்று அம்மா தூரத்திலிருந்து கூப்பாடு போட்டாள். "உக்காந்தாச்சே மதினி. எழுப்பப்படாதுல்லா?" என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு வடையை எடுத்து வைத்தாள். அப்பா பங்கு வடை அது.

ஆறு வந்த கதை இதையும் மிஞ்சும். ஐப்பசி மாசம். பாபநாசத்து மலையில் நல்ல மழை என்று சொன்னார்கள். மத்தியானம் தண்ணீர் செம்மண் நிறத்தில் திரண்டு படி படியாக ஏறியது. தோப்பில் இருந்தவர்கள் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். அத்தை உட்கார்ந்தே இருந்தாள். அப்பா வண்டியிலிருந்து கத்தினார். "அது வந்து பக்கத்துல நின்னு கேக்கட்டும் அண்ணாச்சி" என்றாள். தண்ணீர் வந்து பாயின் விளிம்பை நனைத்தது. அதற்கப்புறம்தான் எழுந்து பாயைச் சுருட்டினாள். "வயசுல மூத்தது கேக்குது, குடுக்கணும்" என்று எங்களிடம் சொன்னாள். அவள் காலைப் பார்த்தேன், கணுக்கால் வரைக்கும் நனைந்திருந்தது. எனக்கு அவள் மேல் வந்த கோபத்தில் அழுகை வந்துவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். அது ஜெர்மன் சண்டை வருவதற்கு முன்னால். எனக்குப் பதினைந்து முடிந்துவிட்டது, வீட்டில் தீயை வைத்துக்கொண்டிருப்பதுபோல எல்லாரும் தவித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தந்திரம் உண்டு. பெண்ணை வீட்டில் வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் ஊர் சிரிக்கும். அதனால் முதலில் கோயிலிலோ தோப்பிலோ இரண்டு குடும்பமும் 'எதிர்பாராமல்' சந்தித்துக்கொள்ளும். ஒரு மாசமாக ஆள் விட்டுப் பேசி, நாள் பார்த்து, நேரம் குறித்து, எதிர்பாராமல்! சேரன்மகாதேவிப் பக்கத்து வரன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெரிய மருதமரத்தடி என்று பேச்சு.

என்னிடம் அம்மா அன்று காலையில்தான் சொன்னாள். அத்தையிடம் யாருமே சொல்லவில்லை. நல்ல காரியத்தை அவள் காதில் போட்டால் தடங்கலாகுமாம். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பின்கட்டுப் பக்கம் போய், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு நாங்க தோப்புக்குப் போறோம். நீ வராண்டாம்ளா. ஏன்னு கேக்காதே."

"சரி அண்ணாச்சி."

அப்பா நிம்மதியாகத் தூங்கினார். அத்தை 'சரி' என்று ஒரு சொல்லில் நிறுத்தினால் பயப்பட வேண்டும் என்பது அவருக்கு அப்போது தெரியாது. விடிந்து பார்த்தபோது பின்கட்டில் அவள் இல்லை. குளிக்கப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டோம். யாரும் பரணைப் பார்க்கவில்லை. அம்மா என் தலையை நாலு தடவை பின்னி அவிழ்த்ததில் நாங்கள் கிளம்பவும் நேரமாகிவிட்டது.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் நடந்ததைப் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தை ராத்திரியே கட்டிவைத்த புளியோதரையோடு இருட்டில் நடந்தே தோப்புக்குப் போய், தன் மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். எட்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்தன. முன்னால் இறங்கியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. கடுக்கனும் சரிகை அங்கவஸ்திரமுமாகப் பெரிய ஆகிருதி.

"ஏம்மா, எந்திரி. நாங்க முக்கியமான காரியமா வந்திருக்கோம். எங்களுக்கு இந்த எடம் வேணும்."

"நானும் முக்கியமான காரியமாத்தான் உக்காந்திருக்கேன்."

"என்ன காரியம்?"

"உக்காந்திருக்கதுதான்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல அறுதலி மொகத்துலயா முழிக்கணும்?" என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்.

"அங்கிட்டுத் திரும்பி முழியும் வே" என்றாள் அத்தை. "ஆத்தப் பாரும். அது தீர்க்கசுமங்கலியாத்தான் ஓடுது."

அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் அத்தையின் கண் வேறு பக்கம் போய்விட்டது. பின்னால் நின்ற வண்டியின் சக்கரத்தோரம், வெயிலில், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"அது யாரு வெயில்ல நிக்கது?"

"எங்க வீட்டுப் பொம்பளை. காரியம் முடியட்டும்னு நிக்கா. ஒனக்கென்ன?"

"இவ்வளவு நெழலு கெடக்கு, அவுக எதுக்கு வெயில்ல காயணும்?" அத்தை அவரை விட்டுவிட்டுச் சத்தமாகக் கூப்பிட்டாள். "ஏ யக்கா! இங்கன வாங்க. பாயில ஒரு பக்கம் சும்மாதான் கெடக்கு."

அந்த அம்மாள் பெரியவரைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், பைய நடந்து வந்தாள். பாயில் இருந்த எழுத்தைக் கண்டு தயங்கினாள்.

"பேரு போட்டிருக்கே."

"எம்பேருதான். உக்காருங்க. அவரு பேரு மேல நான் இருக்கேன்."

உட்கார்ந்தாள். அப்போதுதான் எங்கள் வண்டி வந்து நின்றது. எங்கள் அத்தை மாப்பிள்ளையின் பெரியப்பாவை நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இன்னொரு வெள்ளைச் சேலை. அப்பா வண்டியிலிருந்து குதித்து ஓடினார்.

"ஏளா! மொதல்ல எந்திரி!"

"கல்லுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை வாசிச்சுட்டு வாங்க அண்ணாச்சி."

அப்பா குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அவுக மாப்பிள்ளை வீட்டுக்காரக. பிள்ளையைப் பாக்க வந்திருக்காக."

அத்தையின் முகம் விழுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வண்டியோரம் பட்டுச்சேலையும் தலைகொள்ளாத பூவுமாக நின்ற என்னைப் பார்த்தாள்.

"இதை நேத்தே சொல்லப்படாதா?" என்றாள். "சொல்லியிருந்தா வீட்டுலயே கெடந்திருப்பேனே."

தரையில் கையை ஊன்றி எழப்போனாள். உத்தியோகஸ்தருக்கு எழாதவள், என் கல்யாணம் கெட்டுவிடுமே என்று எழப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த நேரத்தில் கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்றிருந்தது. ஆனால் வாயைத் திறந்தேனா? இல்லை. நகைப் பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்திலிருந்த அம்மாள் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காருங்க மதினி. நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கணும். நான் இப்பதான் உக்காந்தேன்."

'மதினி' என்றாள். சம்பந்தி வீட்டுப் பெண்ணை அழைக்கிற முறை அது. பிறகு பெரியவரைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தான், பொண்ணை இங்கன வரச்சொல்லுங்க. எம்மகனுக்கு நான் இங்கன இருந்தே பாத்துக்கிடுதேன்."

மாப்பிள்ளையைப் பெற்றவள் அவள்தான். பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். நிலமெல்லாம் அவள் மகன் பெயரில் இருந்தது காரணமாக இருக்கலாம். என்னைப் பாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். யார் முகத்தில் முழித்தால் காரியம் விளங்காது என்று ஊர் சொல்லுமோ அந்த இரண்டு பேரும்தான் என்னைப் பெண் பார்த்தார்கள். பாடத் தெரியுமா என்று கேட்கவில்லை. "புளியோதரை திம்பியா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். தலையாட்டினேன். ஒரு உருண்டை கொடுத்தாள். அத்தை செய்தது, மிளகாய்க் காரத்தில் எனக்குக் கண்ணீர் கொட்டியது. அடக்கமான பெண் என்று முடிவு செய்துவிட்டார்கள். மாப்பிள்ளையை நான் பார்க்கவே இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒல்லியான ஒருவரைப் பார்த்து வண்டிக்காரன் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்தானாம்.

தை மாசம் எங்கள் வீட்டில் கல்யாணம். ஊரெல்லாம் பந்தல். விடிகாலையில் அப்பா பின்கட்டுக்குப் போனார்.

"தாலி கட்டி முடியட்டும். அதுவரைக்கும் முன்னால வராண்டாம். சம்பந்தியம்மாவும் ஒன்கூட இங்கன இருப்பாக. அவுக வீட்டுப் பெரியவுகளும் அப்படித்தான் சொல்லுதாக."

"சரி அண்ணாச்சி."

இந்தத் தடவையும் அப்பாவுக்கு உறைக்கவில்லை.

தாலி கட்டியாயிற்று. பெற்றவள் காலில் விழ வேண்டும் என்று என் வீட்டுக்காரர் எழுந்தார். பின்கட்டில் போய்ப் பார்த்தால் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, கிண்ட ஆளில்லை. இரண்டு பேரையும் காணோம். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. கிணற்றைப் போய் எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அப்பா மட்டும் நின்று அண்ணாந்து பரணைப் பார்த்தார். பாய் இல்லை.

"தோப்புக்கு வண்டியப் பூட்டு" என்றார்.

தாலி ஏறின கையோடு பொண்ணு மாப்பிள்ளை ஆறு பார்க்கப் போவதா, அதுவும் எதற்கு, இரண்டு வெள்ளைச் சேலையைப் பார்க்கவா என்று மாப்பிள்ளையின் பெரியப்பா குதித்தார். அப்பா வக்கீல் குமாஸ்தாவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்: "பெத்த தாயைப் பாக்கது எந்தச் சட்டத்துல குத்தம்? எடுத்துக் காட்டும், நிறுத்திருதேன்."

ஒரு தூக்கு நிறையப் பாயசத்தோடு வண்டி புறப்பட்டது. தூக்கை அப்பாவே மடியில் வைத்துக்கொண்டார்.

மருதமரத்தடியில் பாய் விரித்திருந்தது. இரண்டு பேரும் வேரில் சாய்ந்து, வாயில் புகையிலையோடு, கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். என் மாமியார் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பதைத் தானே அதற்கு முன் கண்டதில்லை என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். நாங்கள் இரண்டு பேர் காலிலும் விழுந்தோம். என் மாமியார் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை என் கழுத்துத் தாலியைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "நல்லா இருப்பேட்டி" என்றாள். கண் கலங்கியிருந்தது. உடனே, "சரி சரி, கும்பிட்டாச்சுல்லா, தள்ளி நில்லுங்க. காத்து வரலை" என்றாள்.

அப்பா பாய்க்கு வெளியே வெயிலில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் வழிகிற விபூதி. பெண்ணைக் கட்டிக் கொடுத்த மனுஷன்.

"எனக்கும் கொஞ்சம் எடம் குடு தாயி" என்றார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"காலம்பற என்ன சொன்னிய?"

"பின்கட்டுலயே இருன்னு சொன்னேன்."

"இப்ப?"

அப்பா குனிந்து பாயசத் தூக்கைப் பாயின் விளிம்பில், அவள் முன்னால் வைத்தார்.

அத்தை ஒரு பக்கமாகத் திரும்பிப் புகையிலையைத் துப்பினாள். பிறகு இரண்டு கையையும் ஊன்றி ஒரு முழம் நகர்ந்தாள். அவள் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த இடத்தில் புருஷன் பெயர் முழுசாகத் தெரிந்தது. சிவப்பு வெளுத்திருந்தது, ஆனால் கடைசி எழுத்தின் சுழிப்பு அப்படியே இருந்தது. அப்பா தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூச்சமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க" என்றாள் அத்தை.

அப்பா உட்கார்ந்தார். வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். ஆனாலும் பொழுது சாய்கிற வரைக்கும் அவரை யாரும் எழுப்பவில்லை.